வயல் இல்லாத ஊரில் அறுவடைத் திருநாள்: பருவ விழாக்களை விளக்கும் முறை



ஒரு பொங்கலுக்கு முந்திய வாரம், உயர்நிலை மூன்று மாணவன் ஒருவன் வகுப்பில் கேட்டான்: “டீச்சர், புக்கிட் பாஞ்சாங்ல வயலே இல்ல. எங்க வீட்டுல யாரும் விவசாயியும் இல்ல. அப்புறம் ஏன் அறுவடைத் திருநாள்னு எழுதணும்?” நேரமில்லாத அவசரத்தில், “அது நம்ம பண்பாடுப்பா” என்று முடித்துவிட்டேன். அவனும் கட்டுரையில் அதையே எழுதினான்: “பொங்கல் நம் பண்பாடு. அதைக் காப்பது நம் கடமை.” பிழையில்லாத வாக்கியங்கள்தாம்; ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. அந்தக் குறை அவனுடையதல்ல, என்னுடையது. அன்று சொல்லாமல் விட்ட விளக்கம்தான் இக்கட்டுரை.

மூன்று கடிகாரங்கள்

எந்தப் பருவ விழாவையும் மூன்று கடிகாரங்களைக் கொண்டு விளக்கலாம்: சூரியன், நிலவு, நிலம். தை முதல் நாளும் சித்திரை முதல் நாளும் சூரியக் கணக்கில் வருபவை. அதனால்தான் அவை ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே தேதியில் வருகின்றன. தீபாவளி நிலவையும் சேர்த்துப் பார்க்கும் விழா. தேதி மாறிக்கொண்டே இருக்கும். மூன்றாவது கடிகாரமான நிலம்தான் விழாவுக்குப் பொருளைத் தருகிறது.

இதைப் புரிந்துகொள்ள, ஒப்பீட்டுக்காக வெளியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. விக்கா என்பது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருவான ஒரு புதிய சமயம். அதைப் பின்பற்றுவோர் ஆண்டை ஒரு சக்கரமாகப் பார்த்து எட்டு விழாக்கள் கொண்டாடுகிறார்கள். பகல் மிகக் குறுகிய நாள், மிக நீண்ட நாள், இரவும் பகலும் சமமாகும் இரு நாள்கள் என நான்கு. அவற்றுக்கு இடையில் வருபவை நான்கு. லண்டனில் டிசம்பரில் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. ஜூனில் 16 மணி நேரத்துக்கும் மேல். அப்படிப்பட்ட ஊரில், டிசம்பர் 21ஐ ஒட்டி வரும் ‘யூல்’ விழா வெளிச்சம் திரும்பி வருவதைக் கொண்டாடுவதில் வியப்பில்லை.

இப்போது ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தைப் பாருங்கள். விக்கா வழியினர் ஆகஸ்ட் 1ஐ ஒட்டி ‘லூனசா’ என்ற விழாவில் முதல் கதிர் அறுப்பதைக் கொண்டாடுகிறார்கள். அதே வாரத்தில்தான் நம் ஆடிப்பெருக்கும் வருகிறது. ஆனால் காவிரிக் கரையில் அது அறுவடை அல்ல, விதைப்பு! தென்மேற்குப் பருவமழை குடகு மலையில் பெய்து, ஆற்றில் புதுவெள்ளம் வரும் காலம் அது. அதே சூரியன், அதே வாரம். நிலம் வேறு, ஆகவே பொருளும் வேறு.

ஆடி, ஆவணியில் விதைத்த சம்பா நெல், ஐப்பசி கார்த்திகை மழையில் வளர்ந்து தையில் அறுவடைக்கு வரும். ஆக, ஆடிப்பெருக்கு நம்பிக்கை என்றால் பொங்கல் நன்றி. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் மாணவர்களுக்குக் கதை முழுமையாகும்.

கவனிக்க வேண்டிய ஒரு பிழை

“தை முதல் நாளில் சூரியன் வடக்கு நோக்கித் திரும்புகிறது” என்று பலர் எழுதுகிறார்கள். அறிவியல் பாடம் படித்த மாணவர் உடனே மடக்கிவிடுவார். இன்று அந்தத் திருப்பம் நிகழ்வது டிசம்பர் 21 அல்லது 22இல். தை பிறப்பதோ ஜனவரி 14 அல்லது 15இல்.

ஏன் இந்த இடைவெளி? நம் நாள்காட்டி சூரியன் மகர ராசிக்குள் நுழைவதைக் கணக்கிடுகிறது. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லச் சுழல்வதால், ராசிக் கணக்கும் பருவக் கணக்கும் சுமார் 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் விலகுகின்றன. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. எனவே, “மரபுப்படி உத்தராயணத்தின் தொடக்கம்” என்று எழுதுங்கள், பிழை வராது.

ஊர் மாறினால் விழா மாறுமா?

ஆஸ்திரேலியாவில் பருவங்கள் தலைகீழ். அங்குள்ள விக்கா வழியினர் பலர் சக்கரத்தை ஆறு மாதம் திருப்பி, யூல் விழாவை ஜூனில் கொண்டாடுகிறார்கள். அங்குள்ள தமிழர்களோ கோடை வெயிலில் ஜனவரியிலேயே பொங்கல் வைக்கிறார்கள். ஒருவர் இருக்கும் நிலத்தைப் பின்பற்றுகிறார். மற்றவர் வந்த நிலத்தின் நினைவைப் பின்பற்றுகிறார். இரண்டிலும் பொருள் உண்டு.

சிங்கப்பூரில் திருப்பவும் வழியில்லை. ஆண்டு முழுவதும் பகல் நேரம் மாறுவது 9 நிமிட அளவுதான். ஆனாலும் நம் சீன நண்பர்கள் டிசம்பரில் ‘தொங்ஸி’ எனும் குளிர்காலத் திருநாளுக்கு மாவுருண்டை செய்து, குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். குளிர் இல்லை, குடும்பம் இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் பொங்கல் சமயத்தில் கரும்பும் மஞ்சள்கொத்தும் வாங்கக் கூடும் கூட்டமும் அப்படித்தான்.

புக்கிட் பாஞ்சாங்கிலும் வீவக புளோக்குகள் எழும்புமுன் தோட்டங்களும் பண்ணைகளும் இருந்தன. இன்று சிங்கப்பூரின் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி. வயல் இல்லாததால் நன்றி சொல்லத் தேவையில்லை என்று ஆகிவிடாது. முகம் தெரியாத விவசாயியை நம்பி வாழ்கிறோம் என்பதால் நன்றி கூடுகிறது. அந்த மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

தேர்வுக்கும் வகுப்புக்கும்

விழா பற்றிய கட்டுரைக்கோ வாய்மொழித் தேர்வுக்கோ மூன்று கேள்விகளை மனத்தில் வையுங்கள்:

1. இந்த விழா எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறது?
2. அது பிறந்த நிலத்தில் அந்தச் சமயம் என்ன நடக்கிறது?
3. நான் வாழும் இடத்தில் அதன் பொருள் என்ன?

மூன்றாவது கேள்விக்குத்தான் மாணவரின் சொந்தக் குரல் வெளிப்படும். “பண்பாட்டைக் காக்க வேண்டும்” என்று முடிப்பதற்குப் பதிலாக, “என் தட்டில் உள்ள சோறு எங்கோ ஒரு வயலில் யாரோ ஒருவர் மழையை நம்பி விளைவித்தது; பொங்கலன்று அவரை நினைக்கிறேன்” என்று எழுதிப் பாருங்கள். வேறுபாடு உங்களுக்கே தெரியும்.

ஆசிரியர்களுக்கு ஓர் எளிய நடவடிக்கை: வீட்டிலுள்ள அரிசிப் பையில் எந்த நாட்டின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது என்று மாணவர்களைப் பார்த்து வரச் சொல்லுங்கள். அடுத்த பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.