குதிரை ஏன் நின்றுவிடுகிறது?

மாணவர்களே, சிலிம் ரிவர் செம்பனைத் தோட்டப் பாதையில் ஒரு நெகிழிப் பை கிடந்தால் நீங்கள் கவனிக்காமலே கடந்துவிடுவீர்கள். லாயத்தைவிட்டு முதன்முறை தனியே வந்த குதிரையோ அங்கேயே நின்றுவிடும்.

அது பிடிவாதம் அல்ல, பயம். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் குதிரை ஏறக்குறைய 350 பாகை வரை பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால் கிடப்பது தெரியாது. சந்தேகம் வந்தால் ஓடு என்பதே அதன் முன்னோர் உயிர் பிழைத்த வழி.

அடித்தால்? பையோடு வலியையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால் தூரத்திலேயே நிறுத்தி, தலையைத் தாழ்த்திப் பார்க்க விடுங்கள். ஓரடி முன்வைத்த அந்தக் கணமே உங்கள் கால் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். தளர்வுதான் பரிசு. சில வினாடி தாமதித்தால் அது எதற்குக் கிடைத்தது என்றே குதிரைக்குப் புரியாது.

துணையும் உதவும். 2008இல் வெளியான டென்மார்க் ஆய்வில், பயம் தெளிந்த குதிரையுடன் பழகிய இளங்குதிரைகள் பின்னர் தனியாக நின்றபோதும் குறைவாகவே மிரண்டன. கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் சொறிந்துவிட்டால் இதயத் துடிப்பு குறைவதை 1993இல் பிரான்சில் அளந்திருக்கிறார்கள். குதிரைகள் ஒன்றையொன்று கடித்துச் சொறிந்துகொள்வதும் அங்கேதான்!

திரும்பி வரும்போது அதே பை மறுபக்கத்திலிருந்து தெரியும். புதிய பொருளைக் கண்டதுபோல் குதிரை மீண்டும் நிற்கலாம். பொறுமையாக முதலிலிருந்து தொடங்குங்கள்.