படம் பிடித்த கதை – 6: ஹார்வர்டை இருமுறை விட்டவர்

சென்ற வாரம், ஜார்ஜ் ஈஸ்ட்மன் ராச்செஸ்டர் நகரத்து வங்கி வேலையை உதறிவிட்டுப் புகைப்படத் தகடு தயாரிக்க இறங்கியதைப் பார்த்தோம். அவர் நிறுவிய கோடக் நிறுவனத்துக்கே ஒளிவடிகட்டி விற்றுத் தொழில் தொடங்கி, பின்னாளில் அதே கோடக்கை நீதிமன்றத்தில் தோற்கடித்த ஒருவர் இந்த வாரம் வருகிறார். போலராய்ட் கேமராவை உருவாக்கிய எட்வின் லேண்ட். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டு முறை படிக்கப் போய், இரண்டு முறையும் பட்டம் வாங்காமல் வெளியேறியவர்.

கல்லூரியைப் பாதியில் விட்டார், தொழில் தொடங்கினார், கோடீஸ்வரர் ஆனார் என்று இப்படிப்பட்டவர்களின் வாழ்க்கையை மூன்றே வரியில் சொல்லிவிடுகிறோம். அதைக் கேட்டு மனம் அலைபாயும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே லேண்டின் கதையை நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். விட்டுப் போனார் என்பது எல்லோருக்கும் தெரியும். எதைச் சுமந்துகொண்டு போனார் என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

1926-ல் ஹார்வர்டில் சேர்ந்தபோது லேண்டுக்கு வயது 17. சில மாதங்களிலேயே நியூயார்க்குக்குக் கிளம்பிவிட்டார். எதிரே வரும் காரின் விளக்கு கண்ணைக் கூசவைக்காமல் இருக்க என்ன வழி என்ற கேள்வி அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. சாதாரண ஒளி எல்லாத் தளங்களிலும் அதிர்ந்துகொண்டு வருகிறது. ஒரு தளத்து அதிர்வை மட்டும் விட்டு, மற்றதைத் தடுக்கும் தகட்டை முகப்பு விளக்கிலும் முன்கண்ணாடியிலும் பொருத்திவிட்டால் கூச்சம் அடங்கிவிடும். நம் இயற்பியல் பாடப் புத்தகங்கள் தளவிளைவு என்று சொல்வது இதைத்தான். ஆனால் அந்தக் காலத்தில் இந்த வேலையைச் செய்ய இருந்தவை இயற்கைப் படிகங்களில் வெட்டிச் செய்த சிறு பட்டகங்கள். விலை அதிகம், அளவோ கைக்குள் அடங்கும். கார் விளக்குக்கு எட்டாது.

வகுப்பறையை விட்ட பையன் போய் உட்கார்ந்த இடம் நியூயார்க் பொது நூலகம். அங்கே ஒரு பழைய குறிப்பு அவர் கண்ணில் பட்டது. 1852-ல் பிரிஸ்டல் நகர மருத்துவர் ஹெராபத் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. கொய்னா மருந்து கொடுக்கப்பட்ட நாயின் சிறுநீரில் அயோடினைச் சேர்த்தபோது பச்சை நிறத்தில் பொடிப் படிகங்கள் தோன்றின. அவற்றுக்கு ஒளியைத் தளவிளைவு செய்யும் குணம் இருந்தது. அந்தப் படிகத்தைப் பெரிதாக வளர்க்கப் பலரும் பாடுபட்டார்கள். தொட்டால் நொறுங்கும் அந்தப் படிகம் யாருக்கும் பிடிகொடுக்கவில்லை.

லேண்ட் கேள்வியைத் திருப்பிப் போட்டார். ஒரு பெரிய படிகம் எதற்கு? கண்ணுக்கே தெரியாத கோடிக்கணக்கான நுண்படிகங்களை ஒரே திசையில் அடுக்கினால் போதாதா?

படிகங்களை மிக நுண்ணிய ஊசிகளாக அரைத்து அரக்குக் கரைசலில் மிதக்கவிட்டார். சோதனைக் குழாயில் செங்கருப்பாக, ஒளி புகாத திரவம். பகலில் நூலகம், இரவில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வகம். அங்கே அவர் மாணவர் இல்லை, அனுமதியும் இல்லை. யாரும் இல்லாத நேரத்தில் உள்ளே நுழைந்து, அங்கிருந்த பெரிய மின்காந்தத்தின் நடுவே அந்தக் குழாயை வைத்தார். காந்தப் புலத்தில் ஊசிகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நின்றன. கருத்த திரவம் தெளிந்தது. அதன் வழியே வந்த ஒளி தளவிளைவு பெற்றிருந்தது. அதே திரவத்தில் பிளாஸ்டிக் துண்டைத் தோய்த்து, காந்தப் புலத்துக்குள்ளேயே உலரவைத்தபோது உலகின் முதல் செயற்கைத் தளவிளைவுத் தகடு கிடைத்தது. 1929-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அப்போது இருபதுகூட முடியவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய உலோக வணிகம் செய்துவந்த தந்தை கைகொடுத்ததால்தான் மகனால் நியூயார்க்கில் தங்க முடிந்தது. கல்லூரியை விட்டுச் சாதித்தவர்களின் கதைகளில் இந்த வரி அநேகமாகக் காணாமல் போய்விடும். வீட்டுக் கடனைத் தலையில் வைத்துக்கொண்டு படிக்கும் பிள்ளைக்கு இந்த வரி தெரிந்தே ஆக வேண்டும்.

அதே ஆண்டு லேண்ட் ஹார்வர்டுக்குத் திரும்பினார். இயற்பியல் பேராசிரியர் தியோடர் லைமன் அவருக்குத் தனி ஆய்வகமே ஒதுக்கித் தந்தார். 1932 பிப்ரவரியில், பட்டம்கூட வாங்காத இளைஞர் இயற்பியல் துறை அறிஞர்கள் முன்னால் நின்று தன் தகட்டைப் பற்றி உரையாற்றினார். பட்டத்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி. ஆனாலும் அதே ஆண்டு, இயற்பியல் கற்பித்துவந்த ஜார்ஜ் வீல்ரைட்டோடு சேர்ந்து சொந்த ஆய்வகம் தொடங்கிவிட்டார். 1934-ல் கேமரா வடிகட்டிகளுக்காகக் கோடக் வந்தது. 1937-ல் போலராய்ட் நிறுவனம் பிறந்தது. கூச்சம் தடுக்கும் கண்ணாடி, முப்பரிமாணப் படம் பார்க்கும் கண்ணாடி என்று தகடு பல வடிவம் எடுத்தது. எந்தக் கார் விளக்குக்காக எல்லாவற்றையும் விட்டு வந்தாரோ, அதை மட்டும் கார் கம்பெனிகள் கடைசிவரை ஏற்கவில்லை.

1943-ல் சாந்தா ஃபேயில் விடுமுறை. எடுத்த படத்தை ஏன் உடனே பார்க்க முடியாது என்று மூன்று வயது மகள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு 1947 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் ஒளியியல் அறிஞர்கள் கூடிய அரங்கில் விடை சொன்னார். தன்னைத் தானே படமெடுத்து, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் காகிதத்தை உரித்துத் தன் முகத்தைக் காட்டினார். அடுத்த ஆண்டு நவம்பரில் பாஸ்டன் நகரின் ஜோர்டன் மார்ஷ் கடையில் 89.75 டாலர் விலையில் விற்பனைக்கு வந்த கேமராக்கள் முதல் நாளே தீர்ந்துபோயின.

என்னை மிகவும் கவர்வது இதற்கு அடுத்த கட்டம். படம் உடனே வந்தால் போதும் என்று லேண்ட் நினைக்கவில்லை, படம் அழகாகவும் இருக்க வேண்டும் என்றார். அதற்கு வேதியியல் தெரிந்தவர்கள் மட்டும் போதாது, பார்க்கத் தெரிந்த கண்களும் வேண்டும். ஸ்மித் கல்லூரியில் கலை வரலாறு படித்த மெரோ மோர்ஸ் என்ற இளம்பெண் கறுப்பு வெள்ளைப் படச்சுருள் ஆராய்ச்சிக்கே தலைமை ஏற்றார். அமெரிக்க மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் படமெடுத்த ஆன்சல் ஆடம்ஸ் ஆலோசகராக வந்து, ஒவ்வொரு புதுச் சுருளையும் வெயிலிலும் பனியிலும் சோதித்து, நிழலில் எங்கே விவரம் தொலைகிறது என்று பல பத்தாண்டுகள் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். பின்னாளில் நிறுவனம் இருபதுக்கு இருபத்து நான்கு அங்குல உடனடிப் படம் தரும் பிரம்மாண்டக் கேமராவைச் செய்து கலைஞர்களுக்குத் திறந்துவிட்டது. கலையும் தொழில்நுட்பமும் இணைந்த தொழில் என்று இன்று பலர் பேசுகிறார்கள். லேண்ட் அதை ஆய்வக மேசையிலேயே செய்து காட்டினார்.

பட்டம் இல்லாத அந்த மனிதரை ஊழியர்கள் எல்லோரும் டாக்டர் லேண்ட் என்றே அழைத்தார்கள். 1957-ல் ஹார்வர்டும் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. அதே ஆண்டு எம்ஐடியில் ஆற்றிய உரையில் அவர் பல்கலைக்கழகங்களைப் பார்த்து ஒரு கோரிக்கை வைத்தார்: முதல் ஆண்டில் நுழையும் மாணவனுக்கே சொந்த ஆராய்ச்சியைக் கொடுங்கள், அவனைத் தனித்துக் கவனிக்க ஒரு மூத்தவரைத் துணையாக வையுங்கள். 1969-ல் எம்ஐடியில் மார்கரெட் மெக்விகர் அதைத் திட்டமாக்கினார். தொடக்க நிதி லேண்டிடமிருந்து வந்தது. இளங்கலை மாணவர்கள் பேராசிரியர்களோடு ஆராய்ச்சி செய்யும் அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது.

படிப்பை விட்ட ஒருவர் மற்றவர்களையும் விட்டு வரச் சொல்லவில்லை. தனக்கு 17 வயதில் கிடைக்காதது அடுத்த பிள்ளைக்குக் கல்லூரிக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்று பணம் கொடுத்தார். விட்டுப் போக நினைக்கும் மாணவரிடம் நான் கேட்க விரும்புவது இதுதான்: உங்களைத் தூங்கவிடாத கேள்வி எது? இருந்தால், அதை முதலில் உங்கள் ஆசிரியரிடம் கொண்டு போங்கள். இடம் தர ஒரு லைமன் அங்கேயும் இருக்கலாம். ஆசிரியர்களிடம் நான் கேட்பதும் ஒன்றுதான்: அப்படி ஒரு கேள்வியோடு மாணவர் வாசலில் வந்து நின்றால், பாடத்திட்டத்தைக் காட்டித் திருப்பி அனுப்பாதீர்கள். ஆய்வகச் சாவியைக் கொடுங்கள்.

அடுத்த வாரம்: மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் தாமஸ் நோலும், 1987-ல் அவர் எழுதத் தொடங்கிய மென்பொருள் ஃபோட்டோஷாப் ஆன கதையும்.

(தொடரும்)