'பாடிலி': உடல்ரீதியாகவா, குண்டுக்கட்டாகவா?

போன மாசம் ஒரு ஆங்கில அறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். சாலை மறியல் செய்தவர்களைப் போலீஸ் 'பாடிலி ரிமூவ்' செய்ததாக ஒரு வரி. யோசிக்காமல் 'உடல்ரீதியாக அகற்றினர்' என்று எழுதிவிட்டேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் நண்பனிடம் வாசித்துக் காட்டினால், "அடிச்சாங்களாண்ணே?" என்கிறான்.

"இல்லப்பா, தூக்கிட்டுப் போனாங்க."

"அப்ப குண்டுக்கட்டா தூக்குனாங்கன்னு எழுதுங்கண்ணே!"

அவன் சொன்னது சரி. 'உடல்ரீதியாக' என்ற சொல்லை நாம் பெரும்பாலும் துன்புறுத்தலோடு சேர்த்தே படித்துப் பழகியிருக்கிறோம். ஒரே சொல்லில் போலீஸ் மேல் நான் ஒரு தடியடியை ஏற்றியிருந்தேன்.

'லி' என்று முடிந்தாலே வினையடை என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். ஆனால் டெய்லி, ஃப்ரெண்ட்லி மாதிரி பெயர்ச்சொல்லோடு 'லி' சேர்ந்தால் வருவது பெரும்பாலும் பெயரடை. 'பாடிலி' இரண்டு வேலையும் பார்க்கும். 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 300-ஆம் பிரிவு கொலையை விளக்கும்போது சொல்லும் 'பாடிலி இஞ்சுரி' பெயரடை, உடற்காயம். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 101-ஆம் பிரிவு.

வினையடையாக வரும்போது இரண்டு பொருள். ஒன்று, உடலோடு. மரியாள் 'பாடிலி' விண்ணகம் எடுத்துக்கொள்ளப்பட்டதைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950-இல் விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். தமிழில் 'ஆன்மாவோடும் உடலோடும்' என்கிறோம். நம்ம திரிசங்கு ஆசைப்பட்டதும் இதற்குத்தான்.

இன்னொன்று, பிரிக்காமல் முழுசாக. இங்கே உடம்பே இருக்க வேண்டியதில்லை. ரோடு உயர உயர, பள்ளத்தில் போன வீட்டை இடிக்காமல் ஜாக்கி வைத்து அப்படியே தூக்குகிறார்களே, அதுவும் ஆங்கிலத்தில் 'பாடிலி'தான். 'வீட்டை உடல்ரீதியாக உயர்த்தினர்' என்று எழுதிப் பாருங்கள், சிரிப்புத்தான் வரும்.

தமிழில் இதற்கு ஒரே சொல் கிடையாது. எதைத் தூக்குகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். மரம் என்றால் 'வேரோடு'. பீரோ என்றால் 'அலாக்கா'. முரண்டு பிடிக்கிற ஆள் என்றால் 'குண்டுக்கட்டா'. கை காலைச் சேர்த்துக் கட்டுவதுதான் குண்டுக்கட்டு. இன்று கயிறு போய் நாலு பேர் பிடி மட்டும் மிச்சம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'பாடிலி ரிமூவ்' என்றால் தரதரவென்று இழுத்துப் போனதாகவும் இருக்கலாமே? எனவே மூலத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அடுத்த வரியிலேயே, ஒவ்வொருவரையும் நான்கு காவலர்கள் கைகாலைப் பிடித்துத் தூக்கி வேனில் ஏற்றியதாக இருந்தது. நண்பன் சொன்னபடியே திருத்தி அனுப்பிவிட்டேன்.