கம்ப்யூட்டரில் ஓடும் கல்யாண டிவிடி, கூடத்தில் ஏன் ஓடுவதில்லை?

மாமா, அத்தை எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தாயிற்று. டிவிடியை உள்ளே தள்ளினால் பிளேயர் இரண்டு முறை கரகரவென்று சுற்றிவிட்டு 'நோ டிஸ்க்' என்கிறது. ஸ்டுடியோவுக்குப் போன் போட்டால் பதில் தயாராக இருக்கும்: "இங்க கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுதே சார், உங்க பிளேயர்தான் பழசு." எங்கள் வீட்டிலும் இதைக் கேட்டிருக்கிறோம்.

முதலில் கடையில் வாங்கிய சினிமா டிவிடி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதுவும் ஓடவில்லை என்றால் பிளேயரில்தான் கோளாறு. ஸ்டுடியோக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அது ஓடினால், கல்யாண டிவிடியைக் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பாருங்கள். VIDEO_TS என்று எழுதிய ஃபோல்டரும் அதற்குள் VOB, IFO என்று முடியும் ஃபைல்களும் இருக்க வேண்டும். வெறும் எம்பி4 ஃபைல் மட்டும் இருந்தால், வேலையைப் பாதியில் விட்டிருக்கிறார்கள். பழைய பிளேயருக்கு எம்பி4 புரியாது, எம்பெக்-2 வடிவம் வேண்டும். நம் ஊர் டிவியின் பால் (PAL) முறைக்கு 720x576 அளவு, நொடிக்கு 25 ஃபிரேம். அந்த வடிவத்துக்கு மாற்றி எழுதித் தருவதுதான் டிவிடி போடும் வேலையே.

ஃபைல்கள் சரியாக இருந்தும் ஓடவில்லையா? டிஸ்கை 'ஃபைனலைஸ்' செய்யாமல், அதாவது எழுதி முடித்ததும் மூடாமல், விட்டிருக்கலாம். எழுதிய டிரைவ் அதைப் படித்துவிடும், வேறு பிளேயர் திணறும். சில நிமிட வேலை. இலவசமாகவே செய்து தரச் சொல்லுங்கள். டிவிடி-ஆர்டபிள்யூ டிஸ்க் ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும் என்பதால் பழைய லென்ஸுக்கு ஆகாது. டிவிடி-ஆர் டிஸ்கில், 4 அல்லது 8 மடங்கு வேகத்தில் எழுதச் சொல்லுங்கள். மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கரை மேலே ஒட்டினால் பார்க்க அழகுதான், டிஸ்க் சுற்றும்போது சமநிலை தவறும்.

இனி உரிமை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோவின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. பிரதி எடுக்க ஸ்டுடியோவிடம் கைகட்டி நிற்க வேண்டாம். பின்னணியில் போட்ட சினிமாப் பாட்டு மட்டும் உங்களுடையது அல்ல. யூடியூபில் ஏற்றினால் தெரியும். அட்வான்ஸ் கொடுக்கும்போதே, பிளேயரில் ஓடும் டிவிடி, மூல ஃபைல்கள் பென்டிரைவில் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். கேமராவில் எடுத்ததை ஸ்டுடியோ பல வருஷம் வைத்திருக்கும் என்று நம்பியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

மாற்றித் தர மறுத்தால் அது சேவைக் குறைபாடு. எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் 2 ஆண்டுக் கெடு உண்டு.

அதனால் டிஸ்க் கைக்கு வந்த வாரமே, முழுவதும் ஓட்டிப் பாருங்கள். டிவிடி உள்விளிம்பிலிருந்து வெளிப்புறமாக எழுதப்படுகிறது. பிழைகள் பெரும்பாலும் வெளி ஓரத்தில்தான் வரும். முகூர்த்தம் அழகாக ஓடி, ரிசப்ஷனில் அத்தை மேடை ஏறும் நேரம் படம் அப்படியே உறைந்து நிற்கும்.