காது அடைத்தால் கடல் காத்திருக்கும்!

நாற்பத்தாறு வயசில், இரண்டு பெண்களைப் பெற்றவளுக்குக் கடலுக்குள் இறங்கி மீன் பார்க்கும் ஆசை வரலாமா? "குழாயடித் தண்ணீருக்கே ஜலதோஷம் பிடிக்கிறவள், கடலுக்குள்ளே போறாளாம்!" என்று என் மாமியார் சிரித்தார். அவர் வாக்குப் பலித்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

போன ஜனவரியில் நாங்கள் அந்தமான் போனோம். ஹேவ்லாக் தீவு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2018-ல் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். அங்கே கரையிலிருந்து நடந்தே இறங்கக்கூடிய, ஆழமில்லாத பவளத் திட்டு ஒன்று இருக்கிறது. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு மூழ்குவதற்கு 'ஸ்கூபா டைவிங்' என்று பெயர். நீச்சல் தெரியாதவர்களைக்கூடப் பயிற்சியாளர் கையோடு பிடித்து அழைத்துப் போகிறார். பத்து வயசு நிரம்பிய குழந்தைகளும் போகலாம். முதல்முறை போகிறவர்களை 12 மீட்டருக்குக் கீழே விடுவதில்லை. எங்களுக்குச் சொன்னது 6 மீட்டர்தான். இரண்டு மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

திங்கட்கிழமை தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம். செவ்வாய்க்கிழமை காலை மூழ்குவதாக ஏற்பாடு. அன்று ராத்திரியே எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது! கைப்பையில் இருந்த ஜலதோஷ மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை. இவ்வளவு பணம் செலவழித்து வந்துவிட்டு, 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று எப்படிச் சொல்வது?

காலையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆஸ்துமா உண்டா? வலிப்பு? இதய நோய்? காதில் ஆபரேஷன்? கர்ப்பமா? சளி, மூக்கடைப்பு உண்டா? வரிசையாக எல்லாவற்றுக்கும் 'இல்லை, இல்லை' என்று எழுதிக்கொண்டே வந்தேன். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த என் சின்னவள் சும்மா இருக்கவில்லை.

"அம்மா, ராத்திரி பூரா மூக்கடைச்சு நீ தூங்கவே இல்லையே! பொய் எழுதறியே?"

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

பயிற்சியாளர் ஒரு தமிழ்ப் பையன். தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பமாம். கோபித்துக்கொள்ளாமல், "அக்கா, இன்னிக்கு நீங்க வேணாம். மாத்திரை போட்டா மூக்கு திறந்த மாதிரி இருக்கும். தண்ணிக்குள்ளே இருக்கும்போதே மருந்து வேகம் குறைஞ்சுட்டா, மேலே வர்றப்போ காத்து வெளியேற வழியில்லாம காது கிழிஞ்சுகூடப் போகும்" என்றான்.

"ஆழமே இல்லையேப்பா?" என்று கேட்டேன்.

"ஆழம் இல்லாத இடத்துலதான் அக்கா ஜாஸ்தி கவனம் வேணும்" என்றவன், மணலில் கோடு போட்டு விளக்கினான்.

தரையில் நம்மை அழுத்துவது காற்று. கடலில் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். அதாவது, முதல் பத்து மீட்டரிலேயே மாறுதல் அதிகம். அதனால்தான் இறங்கும்போது அடிக்கடி மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி, காதைத் திறந்துகொள்ள வேண்டும். வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே. சளி இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

இன்னொரு விஷயம், மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். ஆவி போக வழியில்லாத குக்கர் என்னாகும் என்று நமக்குச் சொல்லித் தரவேண்டுமா? வெறும் ஒன்றரை மீட்டரிலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தாலும் நுரையீரலுக்கு ஆபத்து உண்டு. 'சமையல் கட்டிலே பெருமூச்சு விடறோமே, அதையே கீழேயும் நிதானமா விடணும், அவ்வளவுதான்' என்று மனசில் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சின்னவள் மட்டும் போனாள். நானும் இவரும் கரையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் இவர் ஒரு நல்ல காரியம் செய்தார். காகிதத்தில் மிச்ச நாட்களைக் கணக்குப் போட்டார்.

மூழ்கிய உடனே விமானம் ஏறக் கூடாது. அழுத்தத்தில் நம் ரத்தத்தில் கரையும் நைட்ரஜன், மேலே அழுத்தம் குறைந்தால் கோலி சோடாவைத் திறந்தது போலக் குமிழ் விடும். ஒரே ஒரு தடவை மூழ்கினாலும் குறைந்தது 12 மணி நேரம், பல தடவை என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. எங்களுக்கு வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு விமானம். வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கரையேறினால் 27 மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது. "அதுக்குள்ளே குணமானா போ, இல்லேன்னா அடுத்த தடவை. கடல் எங்கேயும் ஓடிப்போகாது" என்றார்.

இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் ஆவி பிடித்தேன், மிளகு ரசம் குடித்தேன். வியாழக்கிழமை விடிகாலையில் மூக்கு தெளிந்திருந்தது. பையன் தரையிலேயே சோதித்தான். மூக்கைப் பிடித்து ஊதினேன். இரண்டு காதும் 'பொட்'டென்று திறந்தன.

தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டுமோ என்று தயங்கினேன். "உடுப்புக்குள்ளே விட்டுக்குங்க அக்கா, வெளியே தொங்கினாத்தான் மாட்டிக்கும்" என்றான். மோதிரம் தண்ணீரில் நழுவிவிடும் என்பதால் அது இவர் பைக்குப் போயிற்று. முகக்கண்ணாடிக்குள் ஒரு முடி சிக்கினாலும் தண்ணீர் கசியும். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க உள்ளே குழந்தைகளுக்கான ஷாம்பூ ஒரு சொட்டுத் தேய்த்துக் கழுவினான்!

இடுப்பளவு தண்ணீரில் அரை மணி நேரம் பயிற்சி. கட்டைவிரல் மேலே என்றால் 'நன்று' இல்லை, 'மேலே போகலாம்' என்று அர்த்தம். விரலை வளைத்து வட்டம் காட்டினால்தான் 'நலம்'.

இறங்கினோம். இரண்டு மீட்டரிலேயே இடது காது வலித்தது. பழைய நானாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். இப்போது உடனே காதைக் காட்டிக் கையை ஆட்டினேன். கொஞ்சம் மேலே கூட்டிப் போனான். ஊதினேன், திறந்தது, பிறகு இறங்கினோம்.

அப்புறம் நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்! கையில் கட்டியிருந்த சிவப்புக் கயிறு அங்கே பழுப்பாகத் தெரிந்தது. சிவப்பு நிறத்தைக் கடல் முதலில் விழுங்கிவிடுமாம். கடல்சாமந்தியின் விரல்களுக்கிடையே ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் குடும்பம். அதில் பெரியது அம்மா, வீட்டுக்கே தலைவி. முட்டைகளைக் காவல் காப்பது அப்பா. அம்மா போய்விட்டால் அந்த அப்பாவே பெண்ணாக மாறிக் குடும்பத்தை ஏற்கும் என்று பையன் பிறகு சொன்னான். இவரைப் பார்த்தேன். அவர் வேறெங்கோ பார்த்தார்!

கரையேறியதும் சின்னவள் கட்டிக்கொண்டாள். அவள் காட்டிக்கொடுத்ததால்தான் காது பிழைத்தது. தலைவலி, மாதவலி, ஜுரம் எதையும் 'ஒண்ணுமில்லே' என்று மறைத்தே பழகியவர்கள் நாம். சகோதரிகளே, கடலிடம் அந்தப் பொய் செல்லாது. யோசித்துப் பார்த்தால், வீட்டிலும் செல்லக் கூடாதுதான்.

போக நினைப்பவர்களுக்கு:

• பயணத்தில் ஒரு நாளையாவது உபரியாக வையுங்கள். கடல் கொந்தளித்தாலும், உடம்பு மக்கர் செய்தாலும் உதவும்.

• ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காதுக் கோளாறு இருந்தால் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கர்ப்பிணிகள் மூழ்கவே கூடாது.

• அந்தமானில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று.

• அலையும் ஏற்றவற்றமும் இடத்துக்கு இடம் மாறும். பயிற்சியாளரைக் கேட்காமல் தனியே இறங்காதீர்கள்.

• காலையில் இட்லி இரண்டு போதும். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

• பவளத்தைத் தொடாதீர்கள். அது கல்லல்ல, உயிர்.