பல்கலைக்கழக நூலகர் என்ன வேலை செய்கிறார்?



"இத்தனை வருஷம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கா போவது?" என்று நம் தோட்டங்களில் சில பெற்றோர் கேட்பதுண்டு. நூல் நிலையம் என்றதும் ஒரு மேசை, ஒரு முத்திரை, 'சத்தம் போடாதே' என்று விரலைக் காட்டும் ஒருவர் ஆகியவைதாம் நம் மனக்கண்முன் வருகின்றன. பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு புத்தக அலமாரியைப் பார்த்துப் பழகிய நமக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் இலட்சக்கணக்கான நூல்கள் உள்ள ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பணிபுரிகிறவரின் வேலை முற்றிலும் வேறு. அதை இன்று சற்று விரிவாகப் பார்ப்போம். நமக்கும் அப்படியொரு நூலகத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. அதையும் சொல்வோம்.

ஒரு தோட்டத்தில் ஆயிரக்கணக்கான பால்மரங்கள் நிற்கின்றன. நேற்று வந்து சேர்ந்த ஆளிடம் இன்ன நிரை என்று சொன்னால் போதும், அவர் கத்தியை எடுத்துக்கொண்டு நேராகப் போய்விடுவார். நிரை இல்லாவிட்டால் அது தோட்டமல்ல, காடு. நூலகமும் அப்படித்தான். ஒவ்வொரு நூலின் முதுகிலும் ஒரு சிறு தாள் ஒட்டி, அதில் எழுத்தும் எண்ணும் குறித்திருப்பார்கள். பல பல்கலைக்கழகங்கள் பின்பற்றுகின்ற அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையில் தமிழ் இலக்கியத்துக்குரிய நிரை 'பி.எல். 4758' என்பது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் கோலாலம்பூரிலும் சரி, அமெரிக்காவில் அதே முறையைப் பின்பற்றும் நூலகத்திலும் சரி, தமிழ் நூல்கள் இருக்கும் அலமாரியின் முன்னால் போய் நிற்கலாம்.

காலையில் முதல் வேலை, முந்திய நாள் திரும்பி வந்த நூல்களைப் பதிந்து அவற்றுக்குரிய இடத்தில் வைப்பது. ஓரிடம் தவறி வைத்த நூல் தொலைந்த நூலுக்குச் சமம். அது கட்டடத்துக்குள்ளேயே இருக்கும், ஆனால் யாருக்கும் கிடைக்காது. இந்த வேலையைப் பெரும்பாலும் உதவியாளர்கள் செய்கிறார்கள். நூலகரின் மூளைக்கு வேலை வருவது புதிய நூல் மேசைக்கு வரும்போதுதான். இந்த நூல் எதைப் பற்றியது? யார் தேடி வருவார்கள்? எந்தப் பெயரில் தேடுவார்கள்? இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து அவர் பதிவு எழுத வேண்டும்.

முன்பெல்லாம் அந்தப் பதிவைத் தடித்த அட்டையில் தட்டச்சு செய்வார்கள். உள்ளங்கை அளவு அட்டை. ஒரே நூலுக்கு ஆசிரியர் பெயருக்கு ஓர் அட்டை, நூலின் பெயருக்கு ஓர் அட்டை, பொருளுக்கு ஒன்றோ இரண்டோ அட்டைகள். இவற்றை அகர வரிசைப்படி சிறு சிறு இழுப்பறைகளில் அடுக்கி வைப்பார்கள். ஓர் எழுத்துப் பிழை என்றால் எல்லா அட்டைகளையும் உருவி எடுத்துத் திருத்த வேண்டும். ஓர் அட்டை வரிசை மாறிப் போனாலோ, அந்த நூலை அவ்வழியில் கண்டுபிடிக்கவே முடியாது.

கணினி வந்தது இந்த இடத்தில்தான். 1960-களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியெட் ஆவ்ரம் என்ற அம்மையார், அட்டையில் இருப்பதைக் கணினியும் படிக்கும்படி எழுதுவதற்கு ஒரு முறையை வகுத்தார். 'மார்க்' என்பது அதன் பெயர். நம் தோட்டத்துக் கிராணியின் செக்ரோல் புத்தகத்தை எண்ணிப் பாருங்கள். பெயருக்கு ஒரு கட்டம், நாளுக்கு ஒரு கட்டம், எடைக்கு ஒரு கட்டம் என்று இருக்கிறதல்லவா? அது போலவே மார்க் முறையில் 100 என்ற கட்டத்தில் ஆசிரியர் பெயர், 245 என்ற கட்டத்தில் நூலின் பெயர், 650 என்ற கட்டத்தில் பொருள் என்று பிரித்து எழுதுவார்கள். நம் நாட்டிலும் 1978-இல் தேசிய நூலகமும் பல்கலைக்கழக நூலகங்களும் சேர்ந்து 'மால்மார்க்' என்ற கூட்டுத் திட்டத்தைத் தொடங்கின. ஒரு நூலகம் எழுதிய பதிவை மற்ற நூலகமும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே நூலுக்குப் பத்து இடங்களில் பத்துப் பேர் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. உலகெங்கும் நூலகங்களுக்கு அட்டை அச்சடித்துக் கொடுத்து வந்த அமெரிக்கக் கூட்டுறவு நிறுவனமான ஓ.சி.எல்.சி., தன் கடைசி அட்டையை 2015-ஆம் ஆண்டு அச்சடித்து அந்த வேலையை நிறுத்திக்கொண்டது.

இவ்வளவும் சுலபமாகத் தோன்றும். தமிழ் நூல் வந்தால்தான் சிக்கல் தொடங்குகிறது.

பல ஆண்டுக் காலம் நூலகக் கணினிகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆகவே தமிழ் நூலின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்தார்கள். அதற்கென்று கடுமையான ஒரு விதி இருக்கிறது: ஒரு தமிழ் எழுத்துக்கு ஒரே ஓர் ஆங்கில எழுத்து. ஒலி எப்படி மாறினாலும் எழுத்து மாறாது. 'சங்கம்' என்பதை நாம் 'எஸ்' போட்டு எழுதுவோம். நூலகப் பதிவில் அது 'சி' என்ற எழுத்தில் தொடங்கும். 'கங்கை' என்பதை நாம் 'ஜி' போட்டு எழுதுவோம். அங்கே அது 'கே'. 'திருக்குறள்' என்பதில் நாம் போடும் 'எச்' அங்கே இல்லை. நம் மொழியின் பெயரில் இருக்கிற ழகரமோ, அடிக்கோடிட்ட ஓர் 'எல்' ஆகிவிடுகிறது. ஏன் இப்படி என்று கேட்கலாம். அதிலும் ஒரு நியாயம் உண்டு. இப்படி எழுதினால்தான் ஆங்கில எழுத்தைப் பார்த்து மூலத் தமிழ் எழுத்தைத் தவறாமல் திரும்ப எழுத முடியும்.

ஆனால் தோட்டத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் நம் பிள்ளைக்கு இந்த விதி எப்படித் தெரியும்? சங்க இலக்கிய நூலொன்றை 'எஸ்' போட்டுத் தேடுகிறாள். 'இல்லை' என்று கணினி சொல்லிவிடுகிறது. நூல் மூன்றாவது மாடியில் சும்மா இருக்கிறது. பிள்ளை வெறுங்கையோடு விடுதிக்குத் திரும்புகிறாள். இந்த இடைவெளியில் நிற்க வேண்டியவர்தான் நூலகர். தமிழ் தெரிந்த நூலகராக இருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனால்தான் நம் பிள்ளைகளில் சிலராவது இந்தத் துறைக்குப் போக வேண்டும் என்கிறோம்.

1991-இல் யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துமுறை வெளியானபோது அதில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. அதற்குப் பின்னரும் ஆளுக்கொரு எழுத்துரு என்று பல காலம் ஓடியது. ஓரிடத்தில் தட்டச்சு செய்தது இன்னோர் இடத்தில் கோழி கிளறியது போலத் தெரியும். இப்போது ஒரே பதிவில் ஆங்கில எழுத்தையும் தமிழ் எழுத்தையும் சேர்த்து எழுத வழியுண்டு. ஆனால் பழைய பதிவுகளுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்க்க வேண்டுமானால் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இயந்திரத்தைக் கொண்டு மாற்றலாம்தான். மாற்றியது சரியா என்று பார்க்கத் தமிழ் படித்த கண் வேண்டுமே!

பெயர்களும் அப்படியே. வெள்ளைக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு. நமக்கு இருப்பது தகப்பனார் பெயரின் முதலெழுத்து. அந்த விதியை அப்படியே நம்மீது பூட்டினால் தகப்பனார் எழுதிய நூலாகப் பதிவாகிவிடும். இது போதாதென்று நம் எழுத்தாளர்களுக்குப் புனைபெயர் ஆசை வேறு. சோ. விருத்தாசலமும் புதுமைப்பித்தனும் ஒருவரே என்று ஒருவர் எங்காவது எழுதி வைத்தால்தான் கணினிக்குத் தெரியும். எழுதி வைப்பவர் நூலகர்.

பிற்பகலில் அவரைத் தேடி மாணவர்கள் வருவார்கள். கேள்வி கேட்பதற்கென்றே அங்கு ஒரு மேசை உண்டு. சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன், படிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை நூலகத்தின் ஐந்து விதிகளுள் ஒன்றாகவே வைத்தார். இன்று அந்த மேசைக்கு ஒரு புதுத் தொல்லையும் வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் மாணவர் நூற்பட்டியல் கேட்கிறார். அது ஆசிரியர் பெயர், ஆண்டு எல்லாம் போட்டு அழகாகத் தருகிறது. தேடிப் பார்த்தால் அதில் சில நூல்கள் உலகத்திலேயே இல்லை! எது உள்ளது, எது இல்லாதது என்று சரிபார்த்துக் காட்டுவதும் இப்போது நூலகரின் வேலையாகிவிட்டது. இந்தக் கருவிகளை ஒதுக்கவும் முடியாது. பல இடங்களில் நூலகர்களே அவற்றைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

இன்னொரு மாற்றம் ஆய்விதழ்கள். முன்பு அவை தாளில் வந்தன. பணம் கட்டி வாங்கினால் நூலகத்துக்குச் சொந்தம். இப்போது பெரும்பாலும் கணினி வழியாகவே வருகின்றன. மாணவர் தம் கடவுச்சொல்லைக் கொண்டு நம் வீட்டுத் திண்ணையிலிருந்தே நள்ளிரவில்கூடப் படிக்கலாம். மிக நல்ல வசதி. ஆனால் பல ஒப்பந்தங்களில் அது சொந்தமல்ல, வாடகை. சந்தாவை நிறுத்தினால் பழைய இதழ்களும் கைவிட்டுப் போகலாம். லயத்து வீட்டில் வாழ்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை இருக்கும்வரை வீடு, வேலை நின்றால் சாமானைக் கட்ட வேண்டியதுதான். ஆகவே எந்தச் சந்தாவை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று கணக்குப் பார்ப்பதும் நூலகரின் கவலைகளில் ஒன்று.

இனி, தொடக்கத்தில் சொன்ன பழைய உறவுக்கு வருவோம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கியது. அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று வாதாடியவர்களுள் முன்னின்றவர் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி. அத்துறைக்கு வேண்டிய தமிழ் நூல்களுக்காக அவர் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் 1950-களில் நிதி திரட்டினார். அந்த நிதி சாதாரண மக்கள் கொடுத்த சிறு சிறு தொகைகளால் ஆனது. பின்னர் 1969-இல் அந்த நூலகம், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்கள், இதழ்கள் ஆகியவற்றின் பட்டியலை இராம. சுப்பையாவின் தொகுப்பாக வெளியிட்டது. 'தமிழ் மலேசியானா' என்பது அதன் பெயர். இங்கே என்னென்ன அச்சானது என்று தேடுகிறவர்களுக்கு அது இன்றும் ஒரு கைவிளக்கு.

பட்டியலில் பெயர் இருந்தால் போதுமா? நூலும் இருக்க வேண்டுமே. நம் நாட்டு வெப்பமும் ஈரமும் தாளுக்கு ஆகாதவை. மலிவான தாளில் உள்ள அமிலம் அதை உள்ளிருந்தே பழுப்பாக்கி அப்பளம் போல நொறுக்கிவிடும். பூச்சியும் கறையானும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே பழைய நூல்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கணினியில் சேமிக்கிறார்கள். சிங்கப்பூரின் தமிழ் இலக்கிய நூல்கள் பலவற்றை அந்நாட்டுத் தேசிய நூலக வாரியம் 2015-இல் இப்படி மின்வடிவில் வெளியிட்டது. படமெடுப்பது இயந்திரம்தான். ஆனால் எந்த நூலை முதலில் எடுப்பது, கிழிந்த தாளை எப்படிப் பிரிப்பது, யாரிடம் அனுமதி கேட்பது என்பவை மனிதர் முடிவு செய்பவை. மலேசியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் ஆகும்வரை நூலுக்கு உரிமையுண்டு. அனுமதி கேட்க வாரிசுகளைத் தேடிப் பிடிப்பதற்கே மாதக்கணக்கில் ஆகிவிடும்.

நூலகரிடம் வந்து சேராத தாள்களும் உண்டு. தோட்டத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலர், கோயில் திருவிழா மலர், இளைஞர் மன்றத்துக் கையெழுத்து ஏடு, தொழிற்சங்கத் துண்டறிக்கை முதலியவை கடையில் விற்றவை அல்ல. அவற்றை எந்த நூலகமும் பணம் கொடுத்து வாங்கியிருக்க முடியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்துப் பக்கம் போனபோது பல மலர்கள் குப்பையோடு போயின. மிஞ்சியவை நம் வீட்டுத் தகரப் பெட்டிகளில்தாம் இருக்கின்றன. நம் தோட்டம் எங்கே இருந்தது, பள்ளியில் யார் படித்தார்கள் என்று நாளை நம் பேரப்பிள்ளை ஆராயப் போனால், அவனுக்கு வேறு சான்று கிடைப்பது அரிது.

வீட்டில் அப்படி ஏதேனும் இருந்தால் கிழிசலில் செல்லோட்டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். மடித்திருந்தால் பலவந்தமாக நிமிர்த்த வேண்டாம். மேலே எதுவும் எழுதாமல், தனியாக ஒரு வெள்ளைத் தாளில் தோட்டத்தின் பெயர், மாவட்டம், ஏறத்தாழ எந்த ஆண்டு, படத்தில் இருப்பவர்களில் உங்களுக்குத் தெரிந்த பெயர்கள் ஆகியவற்றைப் பென்சிலால் குறித்து உடன் வையுங்கள். வயதானவர்கள் வீட்டில் இருக்கும்போதே அவர்களைக் கேட்டு எழுதிவிடுவது நல்லது. பிறகு பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையிடம் சொல்லி, நூலகத்தில் தமிழ்ப் பகுதியைக் கவனிப்பவரைக் கேட்கச் சொல்லுங்கள். மலரைக் கொடுக்க மனமில்லாவிட்டால் படமெடுத்துக்கொண்டு திருப்பித் தருவார்களா என்றும் கேட்கலாம்.