சிரிப்பு ஆயுளை வளர்க்குமா?

"வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்" என்னும் பழமொழியைக் கட்டுரையில் எழுதாத மாணவர் நம் பள்ளியில் இல்லை. அது மெய்தானா என்று வினவிய மாணவரைத்தான் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்க இதழாசிரியர் நார்மன் கசின்ஸ் என்பாரை 1964ஆம் ஆண்டில் மூட்டுகளையும் முதுகெலும்பையும் வருத்தும் கொடிய நோய் பற்றியது. அவர் நகைச்சுவைப் படங்களை வரவழைத்துப் பார்த்தார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியின்றி உறங்க முடிந்தது என்று 1976இல் மருத்துவ இதழொன்றில் எழுதினார். 1990 வரை வாழ்ந்தார். ஆனால், அவர் மருத்துவரையும் கைவிடவில்லை. வைட்டமின் சி சத்தையும் மிகுதியாக ஏற்றிக்கொண்டார். எனவே, அவரைக் காத்தது சிரிப்பே என்று துணிந்து கூறுதற்கில்லை.

எனினும், சிரிப்பு வலியைத் தணிக்கும் என்பதற்குச் சான்று உண்டு. நாம் சிரிக்கும்பொழுது உதரவிதானமும் விலாத்தசைகளும் விரைந்து இயங்குகின்றன. நாடித்துடிப்பு உயர்ந்து, பின்னர்த் தசைகள் தளர்கின்றன. நகைச்சுவைக் காட்சிகளைக் கண்டு சிரித்தோர் முன்னிலும் கூடுதலாக வலியைத் தாங்கினர் என்பதை ராபின் டன்பார் குழுவினர் 2011இல் வெளியிட்டனர். வலி குறைவது வேறு. வாழ்நாள் நீள்வது வேறு.

கலிபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் என்னும் உளவியலறிஞர் 1921இல் ஏறத்தாழ 1,500 சிறுவர் சிறுமியரைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அவர்களது வாழ்க்கைக் குறிப்புகளை ஆராய்ந்து 1993இல் வெளிவந்த முடிவு பலரையும் திகைக்க வைத்தது. இளமையில் கலகலப்பும் நகைச்சுவையும் மிக்கவர் என்று பெற்றோரும் ஆசிரியரும் குறித்தவர்கள், பொதுவில், சற்று முன்னதாகவே இறந்திருந்தனர்! பொறுப்புணர்வு மிக்க பிள்ளைகளே நெடுநாள் வாழ்ந்தனர். கலகலப்பான பிள்ளைகளிற் பலர் வளர்ந்தபின் புகை, மது முதலியவற்றை அஞ்சாது நாடியதும் காணப்பட்டது. நம் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை எண்ணிப் பாருங்கள். தமிழுலகையே சிரிக்க வைத்த அப்பெருமகனார் 50 வயதை எட்டாமலே 1957இல் மறைந்தார். அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜார்ஜ் பர்ன்சோ 100 வயது வாழ்ந்தார்.

இக்குழப்பத்தைச் சற்றே தெளிவிப்பது நார்வே நாட்டு ஆய்வு. 53,556 பேரை 15 ஆண்டுகள் கவனித்து 2016இல் வெளியிடப்பட்டது அது. அடிக்கடி சிரிப்பதற்கும் ஆயுளுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஒரு நிகழ்விலுள்ள வேடிக்கையை உணர்ந்து கொள்ளும் அறிவுத்திறன் மிக்க பெண்களிடையேதான் இறப்பு குறைந்திருந்தது. ஆண்களுக்கோ, தொற்றுநோயால் நேரும் இறப்பில் மட்டுமே அப்பயன் தென்பட்டது. அத்திறன்தான் ஆயுளை நீட்டியது என்று இதுவும் முடிவாக மெய்ப்பித்துவிடவில்லை. ஆயினும், இடுக்கண் அழியாமை என்னும் அதிகாரத்தில் துன்பத்தைக் கண்டு நகுமாறு வள்ளுவர் பணித்ததும் இத்திறனையே என்று எனக்குத் தோன்றுகிறது.

என் இளமையில், எங்கள் தோட்டத்தில் மரம் வெட்டும் மூதாட்டி ஒருவர் இருந்தார். ஒரு நாள் சரிவில் வழுக்கி விழ, வாளியிலிருந்த பால் முழுவதும் கொட்டிப்போயிற்று. அன்றைய கூலியும் அதனோடு போயிற்று. ஓடி வந்தவர்கள் செய்வதறியாது நின்றனர். அவரோ சேற்றில் அமர்ந்தபடியே, "எனக்குப் பால் ஊற்ற வேண்டிய நாளில் நான் மண்ணுக்கு ஊற்றிவிட்டேனடா!" என்று நகைத்தார். கூடியிருந்தோர் அனைவரும் சிரித்துவிட்டனர். பின்னர் ஆளுக்குக் கொஞ்சமாகத் தம் பாலை அவர் வாளியில் வார்த்தனர்.

அவர் எத்தனை வயது வரை வாழ்ந்தார் என்று கேட்பீர்கள். தாம் பிறந்த ஆண்டை அவரே அறியார். கேட்டால் அதற்கும் சிரிப்பார்.